ரோம் விழுந்ததா, மாறியதா? பழங்காலம் முடிந்து இடைக்காலம் தொடங்கிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாறு படிக்கும் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், சும்மா ஆர்வத்தில் படிக்கிற நண்பர்கள் எல்லோரும் ரோமப் பேரரசின் முடிவைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஐரோப்பாவையும் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளையும் பற்றித்தான் பெரும்பகுதி பேச்சு. இந்தியாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பழங்காலம், இடைக்காலம்னு பிரிச்சது யாரு? அந்தக் காலத்து மக்களுக்கே இது தெரியுமா?

தெரியாது. கி.பி. 500-இல் இத்தாலியிலோ காலிலோ (இன்றைய பிரான்ஸ்) வாழ்ந்த ஒருவர், தான் ஒரு யுகத்தின் முடிவில் நிற்பதாக நினைத்திருக்க மாட்டார். ரோமானியச் சட்டத்தின்படி உயில் எழுதினார், லத்தீன் பேசினார். பேரரசின் கிழக்குப் பாதியின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒரு பேரரசர் இருப்பதும் அவருக்குத் தெரியும். உலகம் சீக்கிரம் அழிந்துவிடும் என்று நம்பிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ‘இடைக்காலம்’ வரப்போகிறது என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பிரிவினை பின்னால் வந்தவர்கள் போட்டது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பழைய ரோமின் ஒளிக்குப் பிறகு தன் காலம் வரை இருள்தான் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டின் மனிதநேய அறிஞர்கள் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்லாரியஸ் என்ற ஜெர்மன் பேராசிரியர் பழையது, இடையிலானது, புதியது என்று மூன்றாகப் பிரித்துப் பாடநூல்களே எழுதினார். நம் பள்ளிப் புத்தகம் வரை வந்து சேர்ந்தது அதுதான்.

476-னு புத்தகத்துல போட்டிருக்கே, அந்த வருஷம் அப்படி என்னதான் நடந்தது?

வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இத்தாலியில் இருந்த கூலிப்படைகள் தங்களுக்கு நிலம் கேட்டன. இளம் பேரரசன் ரோமுலஸ் அகஸ்டுலஸின் தந்தை ஒரெஸ்டஸ்தான் உண்மையில் ஆட்சியை நடத்திவந்தார். அவர் மறுத்தார். படைத்தலைவன் ஒடோவாசர் அவரைக் கொன்று, பையனைப் பதவியிலிருந்து இறக்கினான். பையனைக் கொல்லவில்லை. ஓய்வூதியம் கொடுத்து காம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். அரச சின்னங்கள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேரரசர் ஜீனோவுக்குப் போயின. மேற்கே இனித் தனியாக ஒரு பேரரசர் தேவையில்லை என்பது அதன் பொருள்.

அதற்கு முன் பதவி பறிக்கப்பட்ட ஜூலியஸ் நெபோஸ் 480 வரை டால்மேஷியாவில் உயிரோடு இருந்தார். கிழக்கு அரசு முறைப்படியான மேற்குப் பேரரசராக அவரைத்தான் ஒத்துக்கொண்டது. ரோமில் செனட் தொடர்ந்து கூடியது, வரி வசூல் நடந்தது. ‘மேற்குப் பேரரசு அகஸ்டுலஸோடு அழிந்தது’ என்ற கருத்தை 6ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் மார்செல்லினஸ். அவர் உட்கார்ந்து எழுதிய இடம் கான்ஸ்டான்டிநோபிள்.

அப்போ 476 தப்பா? வேற எந்த வருஷம் சொல்லணும்?

தேர்வில் 476 என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வேறு ஆண்டுகளைச் சொல்கிறவர்களும் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். பழைய மதம்தான் பழங்காலத்தின் உயிர் என்று நினைப்பவர்கள், கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தைத் தழுவிய 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையே எல்லையாக வைக்கிறார்கள். படைபலம்தான் முக்கியம் என்பவர்கள் 378-ஐச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு அட்ரியனோபிள் போரில் கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் பேரரசர் வாலென்ஸையே கொன்றார்கள். ரோம் நகரத்தின் மானத்தைப் பெரிதாக நினைப்பவர்களுக்கு அது 410, கோத்தியத் தலைவன் அலாரிக் நகருக்குள் புகுந்து சூறையாடிய ஆண்டு. இத்தாலியை மட்டும் பார்ப்பவர்கள் லோம்பார்டுகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் வந்த 568 என்பார்கள். மத்தியதரைக் கடலின் ஒற்றுமையை முக்கியமாகக் கருதுபவர்கள் 7ஆம் நூற்றாண்டின் அரபு வெற்றிகளைச் சொல்வார்கள்.

ஆக ஒருவர் எந்த ஆண்டைச் சொல்கிறார் என்று பார்த்தால், பழங்காலம் என்பதை அவர் எதில் காண்கிறார் என்பது தெரிந்துவிடும். நான் படித்தவரை இந்தக் காரியம் ஒரே ஆண்டில் முடிந்தது என்று சொல்லும் தீவிர ஆய்வாளர் இன்று அநேகமாக இல்லை.

கிழக்கு ரோம் 1453 வரைக்கும் இருந்துச்சே, அப்புறம் எப்படி ரோம் விழுந்துச்சுன்னு சொல்றாங்க?

நியாயமான கேள்வி. ‘ரோம் விழுந்தது’ என்று பொதுவாகச் சொல்லும்போது மேற்குப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிழக்கே இருந்தவர்கள் தங்களைக் கடைசி வரை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ‘பைசாந்தியம்’ என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்.

கிழக்கு தப்பியதற்கு நிலவமைப்பு பெரிய காரணம். கான்ஸ்டான்டிநோபிள் மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நகரம். நிலப்பக்கத்தில் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் தியோடோசியஸ் காலத்து மதில் எழுந்தது. ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த ஹூணர்களும் கோத்தியர்களும் பால்கனைச் சூறையாடினாலும், எகிப்து, சிரியா, ஆசியா மைனர் ஆகிய செல்வம் கொழித்த பகுதிகளை அவர்களால் எட்ட முடியவில்லை. வரி வந்துகொண்டே இருந்தது. மேற்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கிழக்கும் அப்படியே உறைந்துபோய்விடவில்லை. 636-இல் யார்முக் போருக்குப் பிறகு சிரியா போனது, 642-க்குள் எகிப்தும் போனது. தப்பிய பகுதிகளில் நகரங்கள் சுருங்கி மலைக்கோட்டைகளாயின. ஒருவகையில் கிழக்குக்கு இடைக்காலம் இருநூறு ஆண்டு தாமதமாக வந்தது.

கிறிஸ்தவ மதம்தான் காரணம்னு கிப்பன் சொன்னாராமே?

பாதி உண்மை. எட்வர்டு கிப்பனின் ஆறு தொகுதிகள் 1776-க்கும் 1788-க்கும் இடையில் வெளிவந்தன. துறவு வாழ்க்கை படைக்குப் போக வேண்டிய ஆட்களை இழுத்துக்கொண்டது, மதச் சண்டைகள் அரசை அரித்தன என்று அவர் எழுதியது உண்மைதான். ஆனால் அதே நூலில், இவ்வளவு பெரிய பேரரசு தன் பாரத்தாலேயே சரிந்தது, அது இவ்வளவு நாள் நின்றதுதான் வியப்பு என்றும் சொல்கிறார். பேரரசு விழும் வேகத்தை மதம் கூட்டினாலும் விழுந்த அடியை மென்மையாக்கியது என்றும் ஒத்துக்கொள்கிறார்.

இந்த வாதத்துக்கு எதிரான எளிய பதில் முந்தைய கேள்வியிலேயே இருக்கிறது. கிழக்கு மேற்கைவிட ஆழமாகக் கிறிஸ்தவமயமானது, துறவிகளும் மதச் சண்டைகளும் அங்கேதான் அதிகம். அது ஆயிரம் ஆண்டு நின்றது.

காட்டுமிராண்டிகள் படையெடுத்து வந்து அழிச்சாங்கன்னுதானே படிச்சோம்?

அப்படித்தான் வெகுநாள் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947-இல், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிகான்யோல் ரோமானிய நாகரிகம் இயற்கையாகச் சாகவில்லை, கொலை செய்யப்பட்டது என்று எழுதினார். ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்து அப்போதுதான் மீண்ட நாட்டுக்காரர் அவர். அந்தச் சொற்களில் அவருடைய காலமும் பேசுகிறது.

வந்தவர்கள் யார் என்று பார்த்தால் படம் சிக்கலாகிறது. 376-இல் ஹூணர்களுக்குப் பயந்து டான்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்ற கோத்தியர்கள் அடைக்கலம் கேட்ட அகதிகள். ரோமானிய அதிகாரிகள் அவர்களைப் பட்டினி போட்டார்கள். நாய் இறைச்சிக்கு ஈடாக அவர்களுடைய ஆட்களையே அடிமைகளாக வாங்கினார்கள் என்று அக்கால எழுத்தாளர் அம்மியானஸ் பதிவு செய்திருக்கிறார். அட்ரியனோபிளில் முடிந்த கலகம் அங்கே பிறந்தது. கோத்தியர்களுக்கு அப்போதே உல்ஃபிலா மொழிபெயர்த்த பைபிள் இருந்தது. மேற்கு ரோமின் பெரிய தளபதி ஸ்டிலிக்கோவின் தந்தை வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தவர். அலாரிக்கே ரோமானியப் படையில் பதவியும் தன் ஆட்களுக்கு நிலமும் உணவும் கேட்டுத்தான் வருடக்கணக்கில் பேரம் பேசினான். 408-இல் முற்றுகையை விலக்க அவன் ரோமிடமிருந்து பெற்ற பொருட்களில் தங்கம், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. அது தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகப் போன மிளகுதான். ரோமானியச் சுவை அவனுக்கும் பிடித்திருந்தது.

இதையெல்லாம் வைத்து யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. 406-இன் கடைசியில் ரைன் நதியைக் கடந்த வாண்டல்களும் ஆலன்களும் சுவேவிகளும் கால் நாட்டையும் ஸ்பெயினையும் சூறையாடியபோது மக்கள் பட்ட பாடு எழுத்தில் இருக்கிறது. பீட்டர் ஹெதர் போன்ற வரலாற்றாசிரியர்கள், ஹூணர்கள் தந்த அழுத்தம்தான் பெரிய குழுக்களை ஒன்றுசேர்த்து எல்லைக்குள் தள்ளியது, அந்த அடியைப் பேரரசால் தாங்க முடியவில்லை என்று இன்றும் வலுவாக வாதிடுகிறார்கள்.

இஸ்லாம் வந்துதான் பழங்காலம் முடிஞ்சதுன்னு ஒரு கட்சி இருக்காமே?

அது பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஹென்றி பிரென் சொன்னது. அவர் 1935-இல் இறந்தார், அவருடைய முக்கியமான நூல் 1937-இல் வெளிவந்தது. ஜெர்மானிய அரசர்கள் எதையும் அழிக்கவில்லை, ரோமானிய வாழ்வையே தொடர்ந்தார்கள், கால் நாட்டில் எகிப்தியப் பாப்பிரஸ் தாளும் கிழக்கத்திய வாசனைப் பொருட்களும் பட்டும் தங்க நாணயமும் புழங்கின என்றார். 7ஆம் நூற்றாண்டில் அரபியர் கடலின் தென்கரையைப் பிடித்ததும் அந்த வாணிபம் அறுந்தது, ஐரோப்பா வடக்கு நோக்கித் திரும்பியது, அதனால்தான் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் என்ற அரசரே சாத்தியமானார் என்பது அவர் கருத்து.

கேள்வி அருமையானது, விடை நிற்கவில்லை. அகழாய்வுகள் பெருகியபோது மேற்கு மத்தியதரைக் கடலின் வாணிபம் அரபியர் வருவதற்கு வெகு முன்பே இளைத்துவிட்டது தெரியவந்தது. பிற்பாடு 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்லாமிய உலகத்தோடு ஏற்பட்ட வாணிபம் ஐரோப்பாவைத் தூக்கிவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனாலும் ரோம் நகரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்களைக் கடலின் பக்கம் திருப்பியவர் பிரென். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

‘பிந்தைய பழங்காலம்’னு புதுசா ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

ஏறக்குறைய 200 முதல் 750 வரையுள்ள காலத்தைத் தனிக் காலகட்டமாகப் பார்க்கும் பார்வை. இதைப் பரவலாக்கியவர் வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன், 1971-இல் வந்த ஒரு சிறிய நூலின் மூலம். அவருக்கு முன்பே கலை வரலாற்றில் ஆலோயிஸ் ரீகல் இந்தக் காலத்துக் கலையைச் சீரழிவு என்று ஒதுக்கக் கூடாது என்று வாதிட்டிருந்தார்.

பிரவுன் தளபதிகளையும் வரியையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்தார். மனிதர்கள் எதை நம்பினார்கள், யாரைப் புனிதராக மதித்தார்கள், உடலையும் சாவையும் எப்படி நினைத்தார்கள் என்று கேட்டார். கேள்வியை இப்படி மாற்றியதும் வீழ்ச்சி கண்ணில் படவில்லை, படைப்பூக்கம்தான் படுகிறது. சிரியப் பாலைவனத்தில் தூணின் மேல் வாழ்ந்த துறவிகள், அகஸ்டினின் எழுத்துகள், யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முத், சாசானியப் பாரசீகம், கடைசியில் இஸ்லாமின் எழுச்சி என எல்லாமே ஒரே பெரிய மாற்றத்தின் பகுதிகளாகத் தெரிகின்றன. கிழக்கு இதில் நடுவில் நிற்கிறது, பிரிட்டன் ஓரத்தில் நிற்கிறது. இந்த இட மாற்றம் அடுத்த கேள்விக்கு முக்கியம்.

மாற்றம், மாற்றம்னு சொல்றது மழுப்பலா இல்லையா? ஊரே பாழானதை மாற்றம்னு சொல்லலாமா?

இதே கோபம்தான் தொல்லியல் ஆய்வாளர் பிரையன் வார்டு-பெர்கின்ஸுக்கும் வந்தது. 1990களில் ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய பெரிய திட்டத்தின் பெயரிலேயே ‘ரோமானிய உலகின் உருமாற்றம்’ என்று இருந்தது. படையெடுப்பு என்ற சொல்லே அரிதாகி, குடியேற்றம், இணக்கம் என்றெல்லாம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அவர் 2005-இல் பதில் சொன்னார். தத்துவ நூல்களை விடுங்கள், சாதாரணக் குடியானவரின் வீட்டில் என்ன பாத்திரம் இருந்தது, கூரையில் என்ன இருந்தது என்று பாருங்கள் என்றார்.

பிரிட்டன்தான் அவருடைய வலுவான சாட்சி. ரோமானிய ஆட்சி 410 வாக்கில் அங்கிருந்து விலகியது. அடுத்த சில தலைமுறைகளில் புதிய நாணயம் வரவில்லை, சக்கரத்தில் வனைந்த பானை ஏறக்குறைய மறைந்தது, செங்கல்லும் ஓடும் சுடுவது நின்றது. ரோமானியர் வருவதற்கு முந்தைய இரும்புக் காலத்தைவிடவும் எளிய நிலைக்கு அந்தத் தீவு போய்விட்டது என்பது அவர் வாதம். இதை மறுப்பது கடினம்.

பானை ஓட்டை வச்சு ஒரு பேரரசு விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பானை உடையும், ஆனால் ஓடு மக்காது. துணியும் தோலும் மரமும் தானியமும் மண்ணோடு போய்விடும், ஓடு ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்தும் கிடைக்கும். அதன் களிமண்ணைப் பார்த்து எங்கே செய்தது என்று சொல்லலாம், வடிவத்தைப் பார்த்து எப்போது செய்தது என்று சொல்லலாம். ரோமில் மோன்டே டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். பெரும்பாலானவை தெற்கு ஸ்பெயினிலிருந்தும் மற்றவை வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. ஒரு நகரத்துக்கு எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வந்தது என்பதை அந்தக் குன்றே சொல்லிவிடுகிறது.

பிந்தைய ரோமானியக் காலத்தில் இன்றைய துனீசியாப் பகுதியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள் மத்தியதரைக் கடல் முழுக்கப் போயின. துறைமுகத்தில் மட்டுமல்ல, இத்தாலியின் உள்நாட்டுக் கிராமத்துக் குடிசைகளிலும் அவை கிடைக்கின்றன. ஏழைகூட கடல் கடந்து வந்த தட்டில் சாப்பிட்டார் என்றால், அதற்குப் பின்னால் சூளைகளும் கப்பல்களும் சந்தைகளும் புழங்கும் சில்லறையும் இருந்திருக்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தட்டுகள் உள்நாட்டில் குறைகின்றன, அப்புறம் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன, 7ஆம் நூற்றாண்டின் முடிவில் செய்வதே நின்றுபோகிறது. இப்படி ஒரு வரைபடத்தை எந்த வரலாற்று நூலும் நமக்குத் தந்ததில்லை.

இன்னொரு சாட்சி மிகவும் தொலைவில் கிடைத்தது. கிரீன்லாந்துப் பனியைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்தபோது, ரோமானியச் செழிப்புக் காலத்தில் படிந்த ஈயத் தூசி ஏறியிருப்பதும், பிறகு இறங்கியிருப்பதும் தெரிந்தது. வெள்ளியும் ஈயமும் உருக்கிய உலைகளின் புகை அது. ஆனால் ஓடும் பனியும் பொருளாதாரத்தைத்தான் சொல்லும். மக்களின் மனதில் என்ன இருந்தது என்று அவை சொல்லாது. பிரவுனும் வார்டு-பெர்கின்ஸும் முட்டிக்கொள்வதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் வெவ்வேறு சாட்சிகளை விசாரிக்கிறார்கள், வெவ்வேறு ஊர்களில் நின்றபடி. பிரிட்டன் வறண்டுபோன அதே நூற்றாண்டில் வடக்குச் சிரியாவின் சுண்ணாம்புக்கல் கிராமங்கள் கல்வீடுகளும் தேவாலயங்களுமாகச் செழித்திருந்தன.

வரிக்கும் இடைக்காலத்துக்கும் என்ன சம்பந்தம்?

என் பார்வையில் இதுதான் எல்லாப் பூட்டுகளுக்கும் பொருந்தும் சாவி. வரலாற்றாசிரியர் கிறிஸ் விக்ஹாம் இதை விரிவாக எடுத்துவைத்தார். ரோமானிய அரசு நிலவரி வாங்கி, அதைக் கொண்டு சம்பளப் படையை வைத்திருந்தது. ஆப்பிரிக்காவின் தானியமும் எண்ணெயும் வரியாகவே ரோமுக்குக் கப்பலேறின. அந்தக் கப்பல்களில் ஓரமாக ஏறியவைதான் மேலே சொன்ன சிவப்புத் தட்டுகள். 439-இல் வாண்டல் அரசன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடித்ததும் மேற்கின் மிகச் செழிப்பான வரிப்பகுதி கைவிட்டுப்போனது. வரி குறைந்ததால் படை குறைந்தது, படை குறைந்ததால் இன்னொரு மாகாணம் போனது, அதனால் வரி மேலும் குறைந்தது. 468-இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து பெரும் கடற்படையை அனுப்பி ஆப்பிரிக்காவை மீட்கப் பார்த்தன. வாண்டல்கள் தீக்கப்பல்களை விட்டு அதை நாசமாக்கினார்கள். அடுத்த எட்டு ஆண்டில் 476 வந்துவிட்டது.

புதிய அரசர்கள் தங்கள் படைவீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் நிலம் கொடுத்தார்கள். வீரனுக்கு நிலம் இருந்தால் அரசனுக்கு வரி அவ்வளவு அவசியமில்லை. வரி தானாகத் தளர்ந்தது. தூர்ஸ் நகரத்து ஆயர் கிரெகரி ஒரு காட்சியைச் சொல்கிறார்: 580-இல் பிராங்கு அரசன் கில்பெரிக்கின் பிள்ளைகள் நோயில் கிடந்தபோது, இது ஏழைகளின் கண்ணீருக்குத் தண்டனை என்று அரசி பிரெடெகுண்ட் புதிய வரிப் பதிவேடுகளைத் தீயில் போட்டாள், அரசனையும் போட வைத்தாள். ரோமானிய அரசில் ஒரு பேரரசி வரிக் கணக்கை எரித்திருப்பாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிழக்கிலும் பிறகு கலீஃபாக்களின் ஆட்சியிலும் வரி வசூல் நிற்கவில்லை. அதனால்தான் அங்கே பெருநகரமும் சம்பளப் படையும் எழுத்தர் கூட்டமும் தொடர்ந்தன. ஏன் மேற்கு ஒருவிதமாகவும் கிழக்கு வேறுவிதமாகவும் போயின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

கொள்ளைநோயும் குளிரும்தான் காரணம்னு இப்போ சொல்றாங்களே?

6ஆம் நூற்றாண்டுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். 536-இல் ஒரு பெரிய எரிமலை வெடிப்பு நடந்து வானம் மங்கியது. சூரியன் நிலவைப்போல ஒளியிழந்து கிடந்தது என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதினார். 540-இல் மீண்டும் ஒரு வெடிப்பு. மர வளையங்கள் அந்த ஆண்டுகளின் குளிரைக் காட்டுகின்றன. 541-இல் எகிப்தில் தொடங்கிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கியது, பிறகு 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விட்டுவிட்டு வந்தது. பவேரியாவில் ஆஷ்ஹெய்ம் என்ற இடத்துக் கல்லறைகளில் அந்தக் கிருமியின் மரபணு கிடைத்திருக்கிறது.

வரலாற்றாசிரியர் கைல் ஹார்ப்பர் இதையெல்லாம் முன்னிறுத்தி எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. எதிர்ப்பும் உண்டு. அக்காலப் பாப்பிரஸ் ஆவணங்களிலும் நாணயங்களிலும் கல்வெட்டுகளிலும் அவ்வளவு பெரிய பள்ளம் தெரியவில்லை என்று சிலர் காட்டுகிறார்கள். மேற்குப் பேரரசு போய் அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து வந்த நோயை 476-க்குக் காரணமாக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடிமை முறை போய் நிலப்பிரபுத்துவம் வந்ததுதானே இடைக்காலம்?

மார்க்சிய வரலாற்றாசிரியர்கள் இப்படிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதால்தான் உழைத்தவர்களின் பக்கம் வரலாறு திரும்பியது. 332-இல் கான்ஸ்டன்டைனின் சட்டம் குத்தகை உழவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டது, அதிலிருந்து பண்ணையடிமை முறைக்கு நேர்க்கோடு போட்டார்கள்.

கோடு அவ்வளவு நேராக இல்லை. அடிமைகள் இடைக்காலத்தின் தொடக்கத்திலும் இருந்தார்கள், விற்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், வரி வாங்கும் அரசு தளர்ந்த இடங்களில் உழவர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். பிரபுக்களின் பிடி இறுகியது பல பகுதிகளில் 9 முதல் 11ஆம் நூற்றாண்டுக்குள்தான்.

அப்படின்னா சாதாரண மக்களுக்கு ரோம் போனது நல்லதா, கெட்டதா?

இரண்டு எலும்புக் குவியல்களைப் பார்ப்போம். மாடுகளின் எலும்பு, ரோமானியக் காலத்தில் பெரிதாகவும் பிறகு சிறியதாகவும் இருக்கிறது. நல்ல தீவனமும் தேர்ந்த இனப்பெருக்கமும் போய்விட்டன என்று வார்டு-பெர்கின்ஸ் சொல்வார். மனித எலும்பையும் அளந்தார்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் ரோமானியக் குடிகளைவிடப் பின்னால் வந்தவர்கள் சற்று உயரமாக இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நெருக்கடியான நகரம் குறைந்தது, ஒரு ஆளுக்குக் கிடைத்த நிலமும் பாலும் இறைச்சியும் கூடின என்பது ஒரு விளக்கம். வரிப் பளு இறங்கியதும் சேர்ந்திருக்கலாம்.

ஆக வீட்டில் பாத்திரம் மோசமானது, தட்டில் உணவு கூடியிருக்கலாம். பிழைத்தவர்களின் எலும்பு இது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் ரோமில், 6ஆம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பிறகு சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். 537 முற்றுகையில் கோத்தியர்கள் நீர்க்கால்வாய்களை வெட்டினார்கள், பெரிய குளியல் கூடங்கள் ஓய்ந்தன. அந்தப் போர் கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியன் இத்தாலியை ‘மீட்க’ நடத்தியது. இத்தாலியை மிக மோசமாக நாசமாக்கியது ரோமானியப் பெயரில் நடந்த அந்தப் போர்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

‘இருண்ட காலம்’னு சொல்லலாமா?

வேண்டாம். எழுத்து ஆதாரம் குறைந்தது உண்மை, குறிப்பாக 5, 6ஆம் நூற்றாண்டு பிரிட்டனுக்கு. ஆனால் இன்று நம்மிடம் இருக்கும் லத்தீன் இலக்கியத்தில் பெரும்பகுதி பிழைத்தது 8, 9ஆம் நூற்றாண்டு மடங்களில் உட்கார்ந்து பிரதி எடுத்தவர்களால்தான். ‘இருண்ட’ என்று பெயர் வாங்கிய ஆட்கள்தான் பெட்ரார்க் ஒளி என்று கொண்டாடியதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

வரலாற்றாசிரியர்கள் காலத்துக்குக் காலம் மாத்தி மாத்திச் சொல்றாங்களே, யாரைத்தான் நம்புறது?

அவர்களுடைய காலம் அவர்களின் கண்ணில் இருக்கும். பிகான்யோலைப் பற்றி மேலே சொன்னேன். ரஷ்யப் புரட்சியில் நாட்டைவிட்டு வெளியேறிய ரோஸ்டோவ்சேவ், 1926-இல் ரோமின் 3ஆம் நூற்றாண்டு நெருக்கடியை நகரத்து நடுத்தர வர்க்கத்தின்மேல் குடியானவப் படைகள் பாய்ந்ததாக விளக்கினார். ஒன்றுபட்ட ஐரோப்பாவைக் கட்டிய தலைமுறைக்கு இணக்கமான குடியேற்றம் பிடித்தது. தட்பவெப்பக் கவலையும் பெருந்தொற்றும் கண்ட நமக்குக் குளிரும் கிருமியும் தெரிகின்றன. அலெக்சாண்டர் டெமாண்ட் என்ற ஜெர்மானியர் 1984-இல் ரோமின் வீழ்ச்சிக்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களைத் தொகுத்தபோது 210 சேர்ந்தன.

இதனால் எல்லாமே வெறும் கருத்து என்று ஆகிவிடாது. ரோஸ்டோவ்சேவின் விளக்கம் ஆதாரத்தின் முன் நிற்கவில்லை, பிரெனுடையதும் நிற்கவில்லை. தட்டு எங்கே கிடைத்தது என்பது யார் எந்த நாட்டில் பிறந்தார் என்பதைப் பொறுத்து மாறாது.

இந்தியாவிலயும், குறிப்பா தமிழ்நாட்டுலயும் இதே மாதிரி வாதம் உண்டா?

உண்டு. வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா, குப்தர் காலத்தை ஒட்டி நகரங்கள் தேய்ந்தன, நாணயம் அருகியது, நிலக்கொடைகளால் ஒருவகை நிலப்பிரபுத்துவம் வந்தது என்றார். ரோமோடு இருந்த வாணிபம் குறைந்ததையும் ஒரு காரணமாகக் காட்டினார். பி.டி. சட்டோபாத்யாயா அதைத் திருப்பிப் பார்த்தார்: ஒரு பக்கம் தேய்ந்தாலும் மறுபக்கம் வேளாண்மை விரிந்தது, வட்டார அரசுகளும் கோயில்களும் புதிய ஊர்களும் எழுந்தன, அதைச் சிதைவு என்பதைவிட உருவாக்கம் என்பதே பொருத்தம் என்றார். பிரவுனுக்கும் வார்டு-பெர்கின்ஸுக்கும் நடக்கும் வாதத்தின் சாயல் இதில் தெரிகிறது.

தமிழகத்தில் களப்பிரர் காலத்துக்கு ‘இருண்ட காலம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களைக் கொடியவர்களாகக் காட்டும் வேள்விக்குடிச் செப்பேடு, அவர்களை வென்ற பாண்டியர் மரபில் 8ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. வென்றவரின் சாட்சியம் அது. சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு சேந்தன் கூற்றன் என்ற அரசனின் காலத்தில் நில உரிமைகளை நுணுக்கமாகப் பிரித்துப் பேசுகிறது. ஆட்சியே இல்லாத இருட்டில் அப்படி எழுத முடியாது. கரூரிலும் மதுரையிலும் 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகளும் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் இன்னும் ஏராளமாக. கடல் வாணிபம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை.

இப்போ டி.என்.ஏ. எல்லாம் வந்துடுச்சே, வாதம் முடிஞ்சுதா?

சில பழைய பிடிவாதங்கள் முடிந்தன. பிரிட்டனில் ஆங்கிலோ-சாக்சன்கள் ஒரு சின்ன வீரர் கூட்டம்தான், உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பழகி மாறிவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் வலுவாகச் சொன்னார்கள். 2022-இல் வெளியான ஆய்வு, கிழக்கு இங்கிலாந்தின் அக்காலக் கல்லறைகளில் இருந்தவர்களின் மரபில் சராசரியாக நான்கில் மூன்று பங்கு வட கடலின் அக்கரையிலிருந்து வந்ததாகக் காட்டியது. பெண்களும் குடும்பங்களும் வந்திருக்கிறார்கள். லோம்பார்டுகளோடு தொடர்புடைய ஹங்கேரிய, இத்தாலியக் கல்லறைகளிலும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் தெற்கத்திய மரபினரும் ஒரே இடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் எலும்புக்குள் இருக்கும் மரபணு ஒருவர் எந்த மொழி பேசினார், தன்னைக் கோத்தியர் என்றாரா ரோமானியர் என்றாரா என்று சொல்லாது. வால்டர் போல் போன்ற வியன்னா ஆய்வாளர்கள் சொல்வதுபோல அந்தக் குழுக்கள் வழியில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டும் இழந்தும் பெயர் மாறியும் வந்தவை. கிழக்கு இங்கிலாந்தின் அதே கல்லறைகளில் உள்ளூர் மரபுள்ள பெண்கள் வந்தவர்களின் பாணியிலான நகைகளோடு புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதை மொழியும் இடப்பெயரும் சட்டமும்தான் காட்ட வேண்டும். அந்த ஆதாரங்களையும் மரபணுவையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.